நினைத்துப் பிடிக்கும் கம்பி

ஆளாளுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் சமநிலை வாரியத்தின் ஆட்கள் வந்து, அந்தக் குடியிருப்பின் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். திருடர்களாக இருந்திருந்தால் யாராவது கூச்சல் போட்டிருப்பார்கள். வந்தவர்கள் சட்டைப்பையில் அடையாள அட்டை குத்தியிருந்தார்கள். அதனால் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். முதல் மாடியில் ஒருவர் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கூடக் கொடுத்தார்.

அந்தப் படிக்கட்டைக் கட்டியவனுக்கு மனித குலத்தின் மேல் என்ன கோபமோ தெரியாது. செங்குத்தாக மூன்று மாடி. ஒரு பக்கம் வழவழவென்று சுவர். இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச்சுவர். விழப்போகிறவரை அது தடுக்காது, தடுக்கி விடும். படிகளோ தேய்ந்து தேய்ந்து முன்பக்கம் சரிந்தவை. சுவரில் பதித்திருந்த அந்த இரும்புக் கம்பி ஒன்றை நம்பித்தான் கட்டடத்தில் பாதிப் பேர் உயிரோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் லிஃப்ட்காரரும் அவர் மனைவி தையல்காரியும் இருந்தார்கள். லிஃப்ட்காரர் ஒரு பெரிய கம்பெனியில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் நோகாமல் ஏற்றி இறக்கிய மனிதருக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத வீடு. அதை அவர் ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவருக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. மனைவிக்குத்தான் போன வருடம் காதுக்குள் ஏதோ கோளாறு வந்து, அதிலிருந்து படியைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். கம்பியில் ஒரு கை இருந்தால் போதும், மடமடவென்று இறங்கி, தெருவைக் கடந்து, எதிரில் இருக்கும் தன் தையல் கடையைத் திறந்துவிடுவார். கம்பி போன அன்று படிக்கட்டின் உச்சியில் நின்று கீழே பார்த்தார், தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, கம்பியை எதுக்கு எடுத்தாங்களாம்?"

"கீழ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. கையால பிடிச்சுப் பழகினா மனசு சோம்பேறியாயிடுமாம். இனிமே எல்லாரும் கம்பி இருக்கற மாதிரி மனசுல நினைச்சுக்கிட்டு எறங்கணுமாம். அதுக்கு மனப்பிடின்னு பேரு வச்சிருக்காங்க."

"பேரெல்லாம் வச்சாச்சா?" என்றார் தையல்காரி. "அப்ப கம்பி வராது."

அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. ஒரு வாரம் கடை பூட்டிக் கிடந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் விட மனமில்லாமல் தெருவில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார்கள். தையல்காரி ஜன்னல் வழியாகக் கயிற்றில் பையைக் கட்டி இறக்குவார், துணி மேலே வரும். ஆனால் அளவு எடுப்பது எப்படி? அவர் மேலிருந்து அளவு நாடாவைத் தொங்கவிடுவார். கீழே நிற்பவர் அதைத் தானே உடம்பில் சுற்றிக்கொண்டு அளவைக் கத்திச் சொல்ல வேண்டும். இரண்டே நாளில் தெருவில் யாருக்கு எத்தனை அங்குலம் இடுப்பு என்று டீக்கடைக்காரருக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது. அதன்பின் மானமுள்ளவர்கள் யாரும் வரவில்லை. கடையின் சொந்தக்காரர் வந்து, பூட்டியே கிடந்தால் தெருவுக்கே அபசகுனம் என்றும், மாதக் கடைசிக்குள் திறக்காவிட்டால் செல்போன் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரி அழவில்லை. தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, வீட்டுக் கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் லிஃப்ட்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சமநிலை வாரியத்துக்குக் கிளம்பினார்.

வாரியத்தின் அலுவலகம் பரந்து விரிந்த ஒரே தளம். படி என்று பேருக்கு ஒன்று கூடக் கிடையாது. வாசலில்கூடச் சரிவுப் பாதை போட்டு, இரண்டு பக்கமும் பளபளக்கும் கைப்பிடி வைத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்கள் உட்கார நாற்காலி இல்லை. உட்கார்ந்திருப்பவருக்குச் சமநிலை தேவையில்லை, சமநிலை தேவைப்படாதவருக்கு வாரியத்தில் என்ன வேலை என்பது அங்கே கொள்கை. அதிகாரிகளுக்கு மட்டும் கைவைத்த அகல நாற்காலிகள் இருந்தன. அவர்கள் சமநிலையை ஏற்கெனவே அடைந்துவிட்டவர்கள்.

லிஃப்ட்காரரின் முறை வந்தபோது மணி அடித்தது. கவுன்டரில் இருந்தவர் சட்டென்று எழுந்து, கண்ணை மூடி, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அலுவலகம் முழுவதும் அப்படியே நின்றது. மணிக்கு ஒரு தடவை எல்லோரும் தங்களை ஒரு மலையாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது வாரியத்தின் உத்தரவாம். கவுன்டர்காரரும் மலையாகத்தான் நின்றார், ஆனால் மேசைக்கு அடியில் ஒரு கையால் இழுப்பறைப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். மலை கீழே இறங்கி உட்கார்ந்ததும் கேட்டது:

"என்ன வேணும்?"

"கம்பி வேணுங்க. எங்க மாடிப்படியில இருந்தது. நீங்கதான் எடுத்துட்டு வந்தீங்க."

"இரும்பா, மனசா?"

"புரியலீங்க."

"இரும்புக் கம்பியா, மனக் கம்பியான்னு கேக்கறேன். இரும்புப் பிரிவை மூடியாச்சு. மனப் பிரிவு இடது பக்கம் கடைசிக் கதவு. போங்க, போங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

பின்னால் நின்றவர்கள் தங்களுக்குக் கிடைத்த சுவர்களில் சாய்ந்திருந்தார்கள்.

மனப் பிரிவில் கற்பனை அதிகாரி இருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, குரலில் தேன் ஒழுகும். லிஃப்ட்காரர் சொன்னதை முழுக்கக் கேட்காமலேயே புரிந்துகொண்டுவிட்டார்.

"ஐயா, நீங்க இரும்பை நம்பறீங்க. இரும்பு துருப்பிடிக்கும். நினைப்பு துருப்பிடிக்குமா? ஒரு கம்பியைப் பிடிச்சிருக்கற மாதிரி மனசுல நினைச்சாலே உடம்போட ஆட்டம் குறையுதுன்னு நாங்க ஆய்வுல கண்டுபிடிச்சிருக்கோம். அப்புறம் கம்பி எதுக்கு?"

"ஆட்டம் குறையுதா, நிக்குதாங்க?"

"குறையுது."

"மிச்சம் இருக்கற ஆட்டத்துல விழுந்துட்டா?"

"அது எங்க வாரியத்துல வராது. ஆஸ்பத்திரியில வரும்."

அதிகாரி இன்னும் கனிவாகத் தொடர்ந்தார். "உங்க கட்டடத்தையே எடுத்துக்குங்க. முன்னாடி வருஷா வருஷம் வயசானவங்க ஒருத்தர் ரெண்டு பேர் படியில விழுவாங்க. கம்பியை எடுத்ததுக்கு அப்புறம்? ஒருத்தர்கூட விழல."

"யாரும் எறங்கறதே இல்லீங்களே! எல்லாரும் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காங்க."

"பாத்தீங்களா? அவ்வளவு கட்டுப்பாடு வந்திருக்கு. இதைத்தான் எங்க தலைவர் வெளிநாட்டு மாநாட்டுல சொன்னாரு. எழுந்து நின்னு கைதட்டினாங்க."

இருந்தாலும் விதி என்று ஒன்று இருக்கிறது. கேட்டு வந்தவரைச் சோதிக்காமல் அனுப்பக்கூடாது. பக்கத்து அறையில் தரையில் இரண்டு தட்டுகள் பதித்திருந்தார்கள். மேலே ஏறி நின்றால் உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று கணினியில் கோடாக ஓடும். ஒரு தட்டில் முதியவர் நிற்க வேண்டும். இன்னொன்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஓர் இளைஞர்.

இளைஞர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். முன்வழுக்கை, பின்வழுக்கை இரண்டும் கைகோத்திருந்தன. தொப்பை அவருக்கு ஒரு அடி முன்னால் வந்து தட்டில் ஏறியது.

"இவரா இளைஞர்?" என்றார் லிஃப்ட்காரர்.

"நிரந்தர இளைஞர்," என்று திருத்தினார் அதிகாரி. "அதுதான் பதவிப் பேரு. வாரியம் ஆரம்பிச்சப்ப இருபத்தி ரெண்டு வயசுல சேர்ந்தாரு. நிரந்தரமான பதவி. மாத்த முடியாது."

"அதுக்கப்புறம் வயசாகலையா?"

"ஆச்சு. ஆனா பதவி உயர்வு குடுத்தா அவரு நடுத்தர வயசுக்காரர் ஆயிடுவாரு. அப்படி ஒரு பதவி எங்ககிட்ட இல்ல. அதனால ஓய்வு பெறற வரைக்கும் இளைஞராத்தான் இருந்தாகணும்."

"எனக்கு மட்டும் ஆசையா சார்?" என்றார் நிரந்தர இளைஞர் சோகமாக. "என் பேரனை மடியில வச்சுக்கிட்டு, நான் இளைஞன்டான்னா சிரிக்கறான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க தாத்தா."

அவர் கண்ணை மூடியதும் அவருடைய கோடு கணினியில் கிறுக்குப் பிடித்ததுபோல் அலைந்தது. லிஃப்ட்காரரிடம் ஒரு கம்பியை மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் கம்பியை நினைக்கவில்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மனைவியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். கோபத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"அபாரம்!" அதிகாரி கைதட்டினார். "இளையோரைவிட முதியோர் உறுதி! முப்பது வருஷமா இதே முடிவுதான் வந்துக்கிட்டிருக்கு. வருஷம் ஆக ஆக இன்னும் தெளிவா வருது. இதை வச்சுத்தான் கம்பியே எடுத்தோம். உங்களுக்குக் கம்பி தேவையில்ல, போயிட்டு வாங்க."

"எனக்கு இல்லீங்க, என் வீட்டுக்காரிக்கு."

"அப்ப அவங்கதான் நேர்ல வரணும்."

"வர்றதுக்குத்தாங்க கம்பி கேக்கறேன்."

"கம்பி குடுக்கணும்னா வரணுமே."

லிஃப்ட்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது வாரியத்தின் வரலாற்றில் நடக்காத விஷயம். உட்கார்ந்த மனிதரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அலுவலகம் பூட்டுகிற நேரத்தில், வீட்டுக்கே வந்து சோதிக்க ஒப்புக்கொண்டு அவரை எழுப்பி அனுப்பினார்கள்.

சொன்னபடி வந்தார்கள். நிரந்தர இளைஞர் சோதனைத் தட்டை முதுகில் கட்டிக்கொண்டு நான்கு காலில் படியேறினார். கற்பனை அதிகாரி ஒரு கையில் கணினியும் மறு கையில் அவருடைய இடுப்புப் பட்டையுமாகப் பின்னால் வந்தார். மேலே வந்து மூச்சு வாங்கி முடித்ததும், தேவை எங்கே ஏற்படுகிறதோ அங்கேயே சோதிக்க வேண்டும் என்பது விதி என்று சொல்லி, தட்டைக் கொண்டுபோய்ப் படிக்கட்டின் உச்சியில், முதல் படிக்கு முன்னால் வைத்தார்கள்.

"இங்கயா?" என்றார் லிஃப்ட்காரர். "வீட்டுக்குள்ள வைங்களேன்."

"வீட்டுக்குள்ள யாரு சார் விழறா?" என்றார் அதிகாரி. "அம்மா, ஏறி நில்லுங்க. கண்ணை மூடுங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் படி எறங்கற மாதிரி நினைங்க. சும்மா பேருக்கு நினைக்கக் கூடாது. உண்மையாவே எறங்கணும், மனசுல."

தையல்காரி பேருக்கு எதையும் செய்கிறவர் அல்ல. வெட்டாத துணியைப் பார்த்து முழுச் சட்டையையும் கண்ணுக்குள் கொண்டுவந்து, அதற்குப் பொத்தானும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். நினை என்றதும் நினைத்தார். கம்பியின் சில்லிப்பு கையில் வந்தது. வலது கால் முதல் படிக்குப் போக வேண்டும் என்று மனதுக்குள் எழுந்தது. ஒன்றை அவ்வளவு உயிரோடு நினைத்தால் உடம்பு சும்மா இருக்குமா? அதுவும் கூடவே கிளம்பியது. எடை வலது காலுக்குப் போயிற்று, தட்டு சரிந்தது, கை கம்பியைத் தேடியது. அங்கே சுவர்தான் இருந்தது.

நடுத்தளம் வரை உருண்டார். லிஃப்ட்காரர் போட்ட சத்தத்தில் கட்டடமே வெளியே வந்தது. கற்பனை அதிகாரி தானும் கண்ணை மூடி வழிநடத்திக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது, "தட்டு உடையலையே?" என்பதுதான்.

தட்டு உடையவில்லை. தையல்காரிக்கு நெற்றி பிளந்திருந்தது, முன்பற்கள் இரண்டு போயிருந்தன. நாற்பது வருடமாகக் குண்டூசியைக் கவ்விப் பிடித்த பற்கள். அவற்றைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு லிஃப்ட்காரர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை அடிப்பது? அதிகாரி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, கீழே இறங்க யாராவது கைகொடுப்பார்களா என்று பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார். அவரையும் அதிகாரியையும் ஆளுக்கொரு கைபிடித்து இறக்கிவிட்டதும் அந்தக் கட்டடத்து மனிதர்கள்தான். நம் ஆட்களின் நல்ல குணத்துக்கு ஒரு அளவே கிடையாது.

தையல்காரியை நாற்காலியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுபோய்த் தையல் போட்டு, அதேபோல் திரும்பத் தூக்கி வந்தார்கள். வாரியம் தன் முடிவைப் போனில் சொல்லியது.

"அம்மா மனசுல படி எறங்கிக்கிட்டிருந்தப்ப விழுந்திருக்காங்க," என்றது தேன் குரல். "கற்பனையில நடந்ததால அதைக் கற்பனை வீழ்ச்சின்னு எடுத்திருக்கோம். உண்மையான வீழ்ச்சி இன்னும் ஒண்ணுகூட இல்ல."

"அவ பல்லு என் கையில இருக்கும்மா," என்றார் லிஃப்ட்காரர்.

"கவலைப்படாதீங்க. இப்ப படுத்துத்தானே இருக்காங்க? படுத்திருக்கறவங்களுக்கு ஆட்டம் சுத்தமா இருக்காது. அவங்க பேருக்கு நேரா நாங்க முழு மதிப்பெண் போட்டிருக்கோம்."

அவர் போனை வைத்தார். தையல்காரி பல் போன வாயால் காற்று ஒழுகக் கேட்டார், "கடை போயிடுச்சா?"

"மாசக் கடைசிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"எனக்கு மதிப்பெண் வேணாங்க. நான் எறங்கணும். எறங்கிக் கடையைத் தொறக்கணும். அவ்வளவுதான்."

முதல் மாடியில் வெல்டிங்காரர் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். "அண்ணே, நீங்க அவங்ககிட்ட போய்க் கெஞ்சிக்கிட்டு நிக்காதீங்க, எனக்கே பத்திக்கிட்டு வருது," என்றார். பட்டறையிலிருந்து பழைய தண்ணீர்க் குழாய்களைக் கொண்டுவந்து, நான்கே நாளில் கீழிருந்து மூன்றாம் மாடி வரை சுவரில் கம்பி பதித்துவிட்டார். மேலே வந்து கடைசி முனையை உருட்டித் தேய்த்து, "அக்கா, காலையில பிடிச்சுப் பாருங்க, ஆனையைக் கட்டினாலும் அசையாது," என்றார். தையல்காரி அந்த முனையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றார்.

மாதத்தின் கடைசி நாள் விடிந்தது. தையல்காரி தலை வாரி, கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கும்போது கீழே வண்டிகள் வந்து நின்றன. அனுமதி இல்லாமல் பிடித்துக்கொள்ளும் குற்றத்தைத் தடுக்க வாரியத்தின் தலைவரே வந்திருந்தார். கூடவே பிரிவுக்கு ஒரு அதிகாரி, அதிகாரிக்கு ஒரு துணை அதிகாரி, துணைக்கு ஒரு உதவி, எல்லோருக்கும் சேர்த்துக் கற்பனை அதிகாரி, நிரந்தர இளைஞர், ஒரு போட்டோக்காரர் என்று ஒரு கல்யாணக் கூட்டம். அறுக்கிற மெஷினோடு ஒரு கூலிக்காரப் பையனும் வந்திருந்தான். அவனுக்கு உண்மையிலேயே இருபத்தி ரெண்டு வயதிருக்கும்.

தலைவருக்கு ஒரு கொள்கை உண்டு. முன்னேற்றம் என்பது கீழிருந்து மேல்நோக்கித்தான் நடக்க வேண்டும். ஆகவே கம்பியையும் கீழிருந்துதான் அறுக்க வேண்டும், ஒவ்வொரு தளத்திலும் ஒரு சொற்பொழிவு, ஒரு போட்டோ. கூட்டம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறும். ஏறி முடித்ததும் அவர்களுக்குப் பின்னால் பையன் அந்தக் கம்பியை அறுத்துத் தள்ளுவான். வாரியத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே பார்ப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம்.

லிஃப்ட்காரர் ஒவ்வொரு மாடியிலும் வழிமறித்துக் கெஞ்சினார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க. அவ எறங்கினதும் அறுத்துக்குங்க. கடை போயிடுங்க."

"பெரியவரே, இது இரக்கப்படற விஷயம் இல்ல, அறிவியல்," என்றார் தலைவர்.

மூன்றாம் மாடியில், தையல்காரியின் வாசலிலேயே நின்று தலைவர் கடைசிச் சொற்பொழிவை ஆற்றினார். "கம்பியைப் பிடித்து நிற்பவன் கம்பியின் அடிமை! என்னைப் பாருங்கள். இருபது ஆண்டுகளாக நான் எந்தப் படியிலும் தடுமாறியதில்லை. காரணம், எந்தப் படிக்கும் நான் போனதில்லை. பிரச்சினையைத் தூரத்திலிருந்து பார்த்தால்தான் அது ஆடாமல் தெரியும். முதியோரின் துயரத்தை நாங்கள் ஒவ்வொரு நாளும் மனக்கண்ணில் பார்க்கிறோம். அதனால்தான் நேரில் பார்க்கத் தேவைப்படவில்லை!"

கைதட்டல் எழுந்தது. வெல்டிங்காரர் உருட்டித் தேய்த்த அந்தக் கடைசி முனையும் விழுந்தது. பையன் குழாய்த் துண்டுகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி படபடவென்று இறங்கிப் போனான். லிஃப்ட்காரர் துண்டுகளையாவது கேட்டு வாங்கலாம் என்று அவன் பின்னாலேயே ஓடினார். அதற்குள் அவனுடைய வண்டி போய்விட்டது. வாசலில் வெல்டிங்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், மேலிருந்து யாரும் இறங்கி வரவில்லை என்பது உறைத்தது. அண்ணாந்து பார்த்தார்கள்.

மேலே வாரியம் படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. தலைவர் குனிந்து ஒரு தடவை கீழே பார்த்தார், முகம் வெளுத்துப் பின்வாங்கினார். "இளையோர் முதலில்," என்றார். நிரந்தர இளைஞர் கண்ணை மூடி, கம்பியை மனதில் நினைத்து, ஒரு காலை நீட்டினார். அவருக்குக் கம்பி வரவில்லை. விழுவதுதான் கண்ணுக்குள் அச்சாக வந்தது. முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தார். அவர் காலரைப் பிடித்துக்கொண்டு உதவி அதிகாரி உட்கார்ந்தார். அவர் காலரைப் பிடித்துக்கொண்டு துணை அதிகாரி. இப்படியே சுவரோரமாக, ஒருவர் காலரை ஒருவர் பிடித்து, கால்சட்டை தேயத் தேய, வாரியம் முழுவதும் படிப்படியாகக் கீழே வந்துகொண்டிருந்தது. கடைசியாகத் தலைவர் உட்கார்ந்தார். அப்போது நிரந்தர இளைஞர் தரைத்தளத்துக்குச் சில படிகளே மேலே இருந்தார்.

லிஃப்ட்காரருக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த இரண்டு பற்கள்தான் நினைவுக்கு வந்தன. முப்பத்தைந்து வருடம் லிஃப்டுக்குள் நின்று எல்லோருக்கும் "வாங்க சார், போங்க சார்" என்று சொன்ன மனிதரின் தொண்டையிலிருந்து, அவருக்கே தெரியாத ஒரு குரல் கிளம்பியது.

"நில்லு! ஒருத்தன் நகரக் கூடாது! அப்படியே இரு!"

வாரியம் நடுங்கி நின்றது, அதாவது உட்கார்ந்த இடத்தில் இருந்தது. வெல்டிங்காரர் கடைசிப் படியின் குறுக்கே போய் நின்றுகொண்டார். அவருடைய தோளைப் பார்த்த நிரந்தர இளைஞருக்கு மேற்கொண்டு நகரும் எண்ணம் போய்விட்டது.

லிஃப்ட்காரர் மேலே பார்த்துக் கூப்பிட்டார். "இந்தா, வெளிய வா. கம்பி போட்டாச்சு."

தையல்காரி வாசலுக்கு வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து தரை வரை, சுவரோரமாக இடைவெளி இல்லாமல், இடுப்பு உயரத்தில் தலைகள். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டித் தலைவரின் தலையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஆடியது. முடியை நன்றாகக் கொத்தாகப் பிடித்தார். ஆட்டம் நின்றது.

"அம்மா, வலிக்குது," என்றார் தலைவர்.

"வலிக்காத மாதிரி நினைச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுத் தையல்காரி முதல் படியில் காலை வைத்தார்.

தலைவர் தலையை விட்டு ஒரு பிரிவு அதிகாரியின் காது. காதை விட்டு இன்னொருவரின் தோள். வழுக்கையாக வந்த இடத்தில் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். கற்பனை அதிகாரியின் தலையில் கை வைத்தபோது ஒரு கணம் நின்று, முழு எடையையும் போட்டு அழுத்தி இறங்கினார். இரண்டாம் மாடியிலும் முதல் மாடியிலும் கதவுகள் திறந்தன. இத்தனை நாளாக உள்ளேயே கிடந்த முதியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்து, கைக்கு எட்டிய தலையைப் பிடித்துக்கொண்டு தையல்காரிக்குப் பின்னால் இறங்கத் தொடங்கினார்கள்.

தரைக்கு வந்ததும் தையல்காரி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பியே பார்க்காமல் தெருவைக் கடந்து போனார். கடையின் இரும்புக் கதவு கடகடவென்று ஏறும் சத்தம் இங்கே வரை கேட்டது.

"பெரியவரே!" மேலிருந்து தலைவரின் குரல் அழுகையோடு வந்தது. "தப்புத்தான். நாளைக்கே இரும்புக் கம்பி போடச் சொல்றேன். எங்களை எறக்கி விடுங்க."

"போடுங்க. நாளைக்கே போடுங்க," என்றார் லிஃப்ட்காரர். வாசலில் கிடந்த ஒரு முக்காலியை இழுத்து, படிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். "கடையைச் சாத்திட்டு அவ ராத்திரி எட்டு மணிக்கு வருவா. மேல ஏறணும்ல? அதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்காதீங்க."